தராசின் வால்

மஞ்சக்குட்டை காபி எஸ்டேட்டில் டிசம்பர் மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்று தெரியாது. இருமலை வைத்தும், டார்ச்சை ஆட்டும் தோரணையை வைத்தும்தான் ஆளைச் சொல்ல வேண்டும். காபிப் பழம் எடை போடுவது அந்த நேரத்தில்தான். காலையிலிருந்து பறித்ததை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்து பல்ப்பர் கொட்டகை வாசலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருவராகத் தராசு மேடையில் இறக்குவார்கள். சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் தத்தளித்துவிட்டு ஓரிடத்தில் நிற்கும். ரைட்டர் அதை நோட்டில் எழுதுவார். பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் விட்டுத் தோல் உரித்தாக வேண்டும்; போட்டு வைத்தால் புளித்துவிடும். அதனால் எல்லாமே அவசரம்.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்து இருநூறு வருஷம் ஆகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்தார். நோட்டுப் போட்டு எடை எழுதும் வழக்கமும் அவரோடு சேர்ந்தே மலையேறியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நோட்டால்தான் தகராறு. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பனியில் ஊறிய தாளில் பால்பாயின்ட் பேனா எழுதிய 46, கூலி கொடுக்கும் நாளில் 48 ஆகத் தெரியும். சில சமயம் 40 ஆகவும் தெரியும். நண்பர் ஒருவர் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் அது. இந்தச் சண்டை தீர வேண்டும், தராசிலிருந்து எடை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டார். என்னைக் கூப்பிட்டார். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனேன்.

"தராசுக்குப் பின்னாடி ஒரு சாக்கெட் இருக்குதுங்க சார். அதுல கம்ப்யூட்டரை மாட்டிக்கலாம்னு விக்க வந்தவரே சொன்னாரு," என்றார் ரைட்டர். சேலத்தில் ஒரு கடையில் வாங்கிய கேபிளையும் எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் ஒன்பது ஊசி கொண்ட தட்டையான மூக்கு, இரண்டு பக்கமும் திருகாணி. மறுபக்கம் நமக்குப் பழகிய யூஎஸ்பி. மூக்கை மூடியிருந்த நீலப் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி இருந்ததால் உள்ளே ஒரு குட்டிப் பச்சைப் பலகையும் அதில் ஒரு கறுப்புச் சிப்பும் தெரிந்தன. லேப்டாப்பில் செருகினார். "டொய்ங்" என்று ஒரு சத்தம். திரையில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கேபிளின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி.

"அதுக்கு அடையாளம் தெரியலைங்க சார்."

இந்த அத்தியாயம் அந்த வாக்கியத்தைப் பற்றியதுதான். கேபிளைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், அடையாளம் தெரிவது என்றால் என்ன?

*

முதலில் தராசின் பக்கம். அதன் முதுகிலுள்ள சாக்கெட்டின் பெயர் ஆர்எஸ்-232; பேச்சுவழக்கில் சீரியல் துளை. அமெரிக்காவின் மின்னணுத் தொழில் சங்கம் 1960இல் எழுதிவைத்த விதி. டெலிபிரிண்டரையும் மோடத்தையும் இணைக்கத்தான் எழுதினார்கள். ஒன்பது ஊசி வடிவம் பின்னால் வந்தது. ஐபிஎம் 1984இல் வெளியிட்ட பிசி ஏடி கம்ப்யூட்டரோடு பரவியது. அதற்கு முன்னால் இருபத்தைந்து ஊசி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மவுஸ், மோடம் எல்லாம் இதில்தான் மாட்டியிருந்தன. இன்று லேப்டாப்பில் அந்தத் துளை கிடையாது. ஆனால் எடை மேடைகளிலும் லேத்துப் பட்டறைகளிலும் வானிலைக் கருவிகளிலும் ஆய்வகங்களிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் சாகவில்லை என்பதற்கு என் பதில்: அதற்கு மூளையே தேவையில்லை. எங்கள் தராசு வேலை செய்வதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மேடையில் 48 கிலோ இருக்கிறது. அது அனுப்ப வேண்டிய முதல் எழுத்து '4'. கம்ப்யூட்டர் உலகத்து எழுத்துப் பட்டியலில் '4' என்ற வடிவத்துக்கு வரிசை எண் 52. இரட்டை எண்ணில் எழுதினால் 00110100. கம்பி சும்மா இருக்கும்போது அதில் மைனஸ் வோல்ட் நிற்கிறது, மூன்றிலிருந்து பதினைந்துக்குள் ஏதோ ஒன்று. மைனஸ் என்றால் 1, பிளஸ் என்றால் 0. இந்தத் தலைகீழ் கணக்கு டெலிபிரிண்டர் காலத்து மிச்சம். எழுத்து வரப்போகிறது என்று சொல்ல, தராசு முதலில் கம்பியைப் பிளஸ்ஸுக்குத் தூக்கும். அது தொடக்க பிட். பிறகு எட்டு பிட், கடைசி இலக்கத்திலிருந்து முன்னோக்கி: 0, 0, 1, 0, 1, 1, 0, 0. பிறகு மறுபடியும் மைனஸ், ஓய்வு. ஆக ஒரு எழுத்துக்குப் பத்துத் துடிப்பு. விநாடிக்கு 9600 துடிப்பு என்று வைத்தால் ஒவ்வொன்றும் 104 மைக்ரோ விநாடி நீளம்.

இதில் வியப்பான விஷயம், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. தராசுக்கு ஒரு கடிகாரம், கம்ப்யூட்டருக்கு ஒரு கடிகாரம். தொடக்க பிட்டின் விளிம்பைப் பார்த்ததும் கேட்கும் பக்கம் தன் கடிகாரத்தை அங்கிருந்து எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. பத்தாவது பிட்டுக்கு வருவதற்குள் அரை பிட் தவறாமல் இருந்தால் போதும். அதாவது இரண்டு கடிகாரமும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் பேச்சு நடக்கும். அடுத்த எழுத்தில் மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கை. பழைய பிழை சேராது. மழையிலும் பனியிலும் வருஷக்கணக்காகக் கிடக்கும் ஒரு தராசின் மலிவான கடிகாரத்துக்கு இதைவிடக் கருணையான ஏற்பாடு இருக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பேச்சில் யார் என்ற கேள்வியே இல்லை. மறுமுனையில் இருப்பது தராசா, மோடமா, மவுஸா என்று கம்பிக்குத் தெரியாது, கம்ப்யூட்டரும் கேட்காது. வோல்ட் ஏறி இறங்கினால் எழுத்து. அவ்வளவுதான். எது எந்த வேகத்தில் பேசும், எந்த ஊசியில் பேசும் என்பதெல்லாம் மனிதர்கள் தலையில் இருந்த விஷயம். மோடம் மாட்டியிருப்பது இரண்டாவது துளையில் என்று நாம்தான் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். மறந்து மவுஸ் இருக்கும் துளையைச் சொல்லிவிட்டால் போன் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு மவுஸிடம் எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

*

இந்தக் குழப்பத்தில் வெறுத்துப்போனவர்களில் ஒருவர் அஜய் பட். வதோதராவில் பிறந்து, அங்குள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, நியூயார்க் போய் மேற்படிப்பு முடித்து, 1990இல் இன்டெலில் சேர்ந்தவர். எந்தக் கருவியானாலும் ஒரே துளை, செருகினால் தானாக வேலை செய்ய வேண்டும் என்பது அவர் குழுவின் இலக்கு. பல நிறுவனங்கள் சேர்ந்து 1996 ஜனவரியில் யூஎஸ்பியின் முதல் பதிப்பை வெளியிட்டன. 2009இல் இன்டெல் ஒரு விளம்பரம் எடுத்தது. அலுவலகத்துக்குள் அஜய் பட் நடந்துவருவார், சினிமா நட்சத்திரத்தைப் பார்த்த மாதிரி எல்லோரும் சொக்கிப்போவார்கள். ஆனால் அதில் நடந்துவந்தவர் அஜய் பட் அல்ல, ஒரு நடிகர். செருகியவுடன் யார் என்று சரியாகக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கியவருக்கு நேர்ந்த கதி இது. எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கண்டுபிடிப்பது எப்படி நடக்கிறது? யூஎஸ்பியின் முதல் வடிவத்தில் நான்கே கம்பி. ஒன்றில் ஐந்து வோல்ட், ஒன்று பூமி, மீதி இரண்டில் பேச்சு. யாரும் செருகாதபோது பேச்சுக் கம்பி இரண்டையும் கம்ப்யூட்டர் லேசாகக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். செருகும் கருவிக்குள் 1,500 ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. அது ஒரு கம்பியை மட்டும் மேலே தூக்கிவிடும். எந்தக் கம்பி தூக்கப்பட்டது என்பதிலிருந்தே வந்தது மெதுவான கருவியா வேகமானதா என்று தெரிந்துவிடும். சட்டென்று கை தூக்குவது மாதிரி. கேபிளுக்குள் எந்த சிப்பும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மின்தடைதான் "இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறது.

செருகும்போது கை நடுங்கும், தொடுமுனை உரசும். அது அடங்கட்டும் என்று கம்ப்யூட்டர் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு காத்திருக்கிறது. பிறகு இரண்டு கம்பியையும் கீழே அழுத்தி "எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசா ஆரம்பி" என்கிறது. இப்போது கருவிக்கு முகவரி பூஜ்யம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வருகைப் பதிவேட்டில் இன்னும் எண் போடாத நிலை. இந்த வகுப்பில் ஒரு கண்டிப்பும் உண்டு: வாத்தியார் கேட்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. யூஎஸ்பியில் கருவி தானாகப் பேசவே முடியாது. கம்ப்யூட்டர் கேட்டால் பதில், இல்லாவிட்டால் மௌனம். கம்ப்யூட்டர் 1 முதல் 127க்குள் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, "உன்னைப் பற்றிச் சொல்" என்கிறது.

அப்போது கேபிளிலிருந்து வருவது பதினெட்டே பைட். ஒரு மனிதன் தன்னைப் பற்றிப் பதினெட்டு எழுத்தில் சொல்ல வேண்டும் என்றால் என்ன சொல்வான்? ஊரும் பேரும்தான் சொல்வான். கேபிளும் அதைத்தான் செய்கிறது. அந்தப் பதினெட்டில் இரண்டு பைட் தயாரிப்பாளரின் எண், அடுத்த இரண்டு பைட் பொருளின் எண். தயாரிப்பாளர் எண்ணை யூஎஸ்பி அமைப்பிடம் சில ஆயிரம் டாலர் கட்டி வாங்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலுள்ள எஃப்டிடிஐ நிறுவனத்துக்கு 0403. அதன் பிரபலமான சீரியல் சிப்புக்கு 6001. தைவானின் புரோலிஃபிக் நிறுவனம் 067பி, அதன் சிப் 2303. இப்படி.

எண் கிடைத்ததும் கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள பட்டியலைப் புரட்டுகிறது. இந்த ஊர், இந்தப் பேர் வந்தால் இந்த டிரைவரை, அதாவது அந்தக் கருவியோடு பேசத் தெரிந்த மென்பொருளைக் கூப்பிடு. பட்டியலில் இருந்தால் அடையாளம் தெரிந்தது. இல்லாவிட்டால் மஞ்சள் முக்கோணம்.

பென் டிரைவும் கீபோர்டும் எந்த ஊரில் செய்திருந்தாலும் செருகியவுடன் வேலை செய்கின்றனவே, இந்தக் கேபிளுக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. கீபோர்டு தன் குறிப்பில் "நான் கீபோர்டு வகை" என்ற பொது எண்ணையும் சொல்லும். கம்ப்யூட்டர் ஊர்பேரைப் பற்றிக் கவலைப்படாமல் வகையை வைத்தே கதவைத் திறந்துவிடும். சீரியலுக்கும் அப்படி ஒரு பொது வகை விதியில் இருக்கிறது. ஆனால் கடைகளில் கிடைக்கும் கேபிள் சிப்புகளில் பெரும்பாலானவை வகை என்ற கட்டத்தில் 255 என்று போடுகின்றன. "என் வழி தனி வழி, என் டிரைவரைக் கேள்" என்று அர்த்தம். வேகத்தை மாற்று, ஊசியை ஏற்று என்பதற்கெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு ரகசிய மொழி வைத்துக்கொண்டது. எளிமைக்குப் பேர்போன சீரியல், யூஎஸ்பி சட்டையைப் போட்டதும் இந்த வீம்பு பிடித்துக்கொண்டது. முப்பது வருஷமாக உலகம் முழுக்க மக்கள் டிரைவர் தேடி அலைவதற்கு, என் கணக்கில், இதுதான் காரணம்.

*

எஸ்டேட் லேப்டாப்பின் பட்டியலில் எங்கள் கேபிளின் எண் இல்லை. இன்டர்நெட் இருந்தால் அதுவே தேடி எடுத்துக்கொண்டிருக்கும். பனி இறங்கிய நேரத்தில் மஞ்சக்குட்டையில் செல்போனில் ஒரு கோடுகூட நிற்கவில்லை. ரைட்டர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலாமரம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பினார்.

இந்த மலையில் இருந்துகொண்டு பட்டியல் என்று எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் போக மனம் வரவில்லை. மூட்டையோடு வரிசையில் நின்றவர்களில் பலர் மலையாளி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை; மலையில் வாழ்பவர்கள் என்பதால் அந்தப் பேர். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாக அவர்களுடைய கதை சொல்லும். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பேருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் மாவட்டங்களின் பேர் இருக்கிறது. சேலம் உண்டு, தர்மபுரி உண்டு, வடஆற்காடு உண்டு. ஈரோடு கிடையாது. அதனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை, வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே பேர், அதே மக்கள், பட்டியலின் ஒரு வரி வேறு. கம்ப்யூட்டர் இந்தக் குணத்தை எங்கிருந்து கற்றது என்று யோசிக்க வேண்டியதில்லை.

நான் என் பையிலிருந்து லினக்ஸ் போட்ட லேப்டாப்பை எடுத்தேன். லினக்ஸில் ஒரு வசதி: இந்த மாதிரி சிப்புகளுக்கான டிரைவர்கள் பல வருஷமாகச் சேர்ந்து அதன் கருவிலேயே கலந்திருக்கின்றன. டவர் கிடைக்காத இடத்துக்கு அதுதான் சரி. கேபிளைச் செருகினேன். கருவி வந்தால் போனால் இயக்க அமைப்பு எழுதிவைக்கும் நாட்குறிப்பு ஒன்று உண்டு. அதைத் திரையில் ஓடவிட்டேன். புதிய கருவி வந்தது என்றது. எண் 1ஏ86, 7523 என்றது. டிரைவர் கிடைத்தது என்றது. டிடிஒய்யூஎஸ்பி0 என்று அதற்குப் பேரும் வைத்தது. டிடிஒய் என்றால் டெலிடைப், அதாவது டெலிபிரிண்டர். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. லினக்ஸுக்குள் மட்டும் ஒவ்வொரு சீரியல் கேபிளும் இன்றைக்கும் டெலிபிரிண்டராகத்தான் பிறக்கிறது.

"வந்துடுச்சு," என்று நண்பர் கைதட்டினார். அடுத்த விநாடி அடுத்த வரி ஓடியது: டிடிஒய்யூஎஸ்பி0 துண்டிக்கப்பட்டது.

யாரும் கேபிளைத் தொடவில்லை. பிடுங்கி மறுபடி செருகினேன். அதே கதை. வருகிறது, பேர் வாங்குகிறது, செத்துப்போகிறது. பனியில் உப்புப் பூத்த சாக்கெட்டோ என்று வேறு துளையில் செருகினேன். மாற்றமில்லை. நாட்குறிப்பை இந்த முறை நிதானமாகப் படித்தபோதுதான் இரண்டு வரிக்கு நடுவில் ஒரு மென்பொருளின் பேர் கண்ணில் பட்டது. பார்வையற்றோருக்கான மென்பொருள். திரையிலுள்ள எழுத்தை, விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் பலகைக்கு அனுப்புவது. டிரைவர் கையிலிருந்த கேபிளை அது பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டது.

என் லேப்டாப் எங்கள் தராசுக் கேபிளைப் பிரெய்ல் பலகை என்று நினைத்துவிட்டது.

எப்படி? சில பிரெய்ல் பலகைகளை உருவாக்கியவர்கள் தனியாக எண் வாங்காமல், கடையில் கிடைத்த இதே சிப்பை உள்ளே வைத்து, சிப் சொல்லும் எண்ணையே சொல்லவிட்டுவிட்டார்கள். அந்த எண்ணும் பிரெய்ல் மென்பொருளின் பட்டியலில் ஏறியது. 2022ஐ ஒட்டி இந்தப் பட்டியலோடு வந்த லினக்ஸ் பதிப்பைப் போட்டுக்கொண்ட எத்தனையோ பேருடைய கேபிள்கள் ஒரே நாளில் காணாமல் போயின. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த மென்பொருள் கேட்காமலே பாய்ந்து பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பார்வையில்லாத ஒருவர் பலகையைச் செருகுகிறார். "இது என்ன கருவி, எந்த டிரைவர் வேண்டும்?" என்று திரையில் கேள்வி கேட்டால் அவர் எதை வைத்துப் படிப்பார்? படிப்பதற்குத்தானே பலகையே. கேட்க முடியாத இடத்தில் ஊகித்துத்தான் ஆக வேண்டும். அந்த ஊகத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் நான்கு பைட். நான் மென்பொருளை நீக்கவில்லை. அதன் பட்டியலில் அந்த ஒரு எண் இருந்த வரியை மட்டும் மறைத்துவிட்டுக் கேபிளைச் செருகினேன். டிடிஒய்யூஎஸ்பி0 பிறந்தது, உயிரோடு இருந்தது.

*

எண்ணை நம்புவதில் இதைவிடப் பெரிய கூத்து 2014 அக்டோபரில் நடந்தது. எஃப்டிடிஐயின் சிப்பைப் பார்த்துப் போலிகள் ஏராளமாகச் சந்தையில் வந்திருந்தன. போலி சிப்பும் செருகியதும் 0403, 6001 என்றே சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பி, அந்த நிறுவனம் செலவழித்து எழுதிய டிரைவரை அதற்கும் கொடுக்கும். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். பொறுக்கமுடியாமல் அந்த நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு புதிய டிரைவரை அனுப்பியது. அசல் சிப்பில் பலிக்காத, போலியில் மட்டும் பலிக்கும் ஒரு சூட்சுமம் அதில் இருந்தது. அது போலி சிப்பின் நினைவில் இருந்த பொருள் எண்ணை 0000 என்று திருத்தி எழுதிவிட்டது. அதன்பிறகு அந்தக் கேபிளை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும், கை தூக்கும், முகவரி வாங்கும், "என் பேர் பூஜ்யம்" என்று சொல்லும். அன்றைக்கு எந்தப் பட்டியலிலும் பூஜ்யத்துக்கு டிரைவர் இல்லை.

வலித்தது போலி செய்தவர்களுக்கு அல்ல; அசல் என்று நம்பி வாங்கியவர்களுக்கு. கருவிக்குள் எந்த சிப் இருக்கிறது என்று வாங்குபவர் எப்படிப் பார்ப்பார்? எதிர்ப்பு கிளம்ப, சில நாளில் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். பிற்பாடு 2016இல் வேறு வழி: போலி சிப் என்று தெரிந்தால் தரவுக்குப் பதிலாக "அசல் அல்லாத கருவி கண்டுபிடிக்கப்பட்டது" என்ற ஆங்கில வாசகத்தைக் கம்பியில் அனுப்பியது புதிய டிரைவர். எங்கள் தராசில் அப்படி நடந்திருந்தால், 48 கிலோ வரவேண்டிய இடத்தில் அந்த வாசகம் வந்து நின்றிருக்கும். ரைட்டர் அதையும் நோட்டில் எழுதிவைத்திருப்பார்.

அடையாளம் தெரிந்தது என்பதற்கு, செருகப்பட்டது சொன்ன பேரைக் கம்ப்யூட்டர் நம்பியது என்பதற்கு மேல் பொருள் இல்லை. அது உண்மையா என்று சோதிக்க முதல் இருபது வருஷ யூஎஸ்பியில் வழியே வைக்கவில்லை.

*

கேபிளுக்குப் பேர் கிடைத்துவிட்டது. அதன் முனையில் இருக்கும் தராசு? அதற்கு இன்னும் பேர் இல்லை, வராது. யூஎஸ்பியின் விசாரணையெல்லாம் நீல மூக்குக்குள் இருக்கும் சிப்போடு முடிந்துவிடுகிறது. அந்த சிப்புக்கு அப்பால் 1960தான். இதைப் புரிந்துகொள்ளாமல் "கேபிள் வந்துவிட்டது, தராசு ஏன் வரவில்லை" என்று டிரைவரை மறுபடி மறுபடி மாற்றுபவர்கள் ஏராளம்.

முதலில் "அனுமதி இல்லை" என்றது லேப்டாப். சீரியல் துளையைத் தொட வேண்டுமானால் 'டயல்அவுட்' என்ற குழுவில் நம் பேர் இருக்க வேண்டும். வெளியே போன் போட யார் யாருக்கு உரிமை என்று மோடம் காலத்தில் எழுதிய குழு. காபி எடை போடுவதற்காக நான் அதில் சேர்ந்தேன்.

பிறகு கேட்டால் மௌனம். நண்பரிடம் மல்டிமீட்டர் இருந்தது. ஆர்எஸ்-232இல் வேலை கெட்டால் நான் முதலில் எடுப்பது அதைத்தான். பேசும் கம்பி சும்மா இருக்கும்போதும் மைனஸில் நிற்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஐந்தாவது ஊசி பூமி. அதில் ஒரு முனையை வைத்து, இரண்டையும் மூன்றையும் மாறி மாறித் தொட்டால், எதில் மைனஸ் வருகிறதோ அது பேசும் ஊசி. தராசின் பேசும் ஊசியும் கேபிளின் பேசும் ஊசியும் ஒரே எண்ணாக இருந்தன. இரண்டு பேரும் வாயோடு வாய் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், காதோடு காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வோல்ட்டில் ஓடும் யூஎஸ்பி கேபிளுக்கு மைனஸ் வோல்ட் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்களுக்காக: 1987இல் மேக்சிம் நிறுவனம் கொண்டுவந்த மேக்ஸ்232 என்ற சிப்பும் அதன் சொந்தக்காரர்களும் செய்யும் வித்தை அது. குட்டி மின்தேக்கிகளில் மின்னூட்டத்தை நிரப்பி, அவற்றைத் தலைகீழாக மாற்றி இணைத்து மைனஸைக் கறந்துவிடும். எஸ்டேட் மெக்கானிக் தராசுப் பக்கத்து மூக்கைப் பிரித்து, இரண்டாவது மூன்றாவது கம்பிகளை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார். ஐந்து நிமிஷ வேலை. பற்றவைக்கும் ஈயம் பனியில் ஒட்ட மறுத்ததில் இருபது நிமிஷம் ஆனது.

இப்போது எழுத்து வந்தது. கேள்விக்குறி, சதுரம், ஏதோ ஐரோப்பிய மொழியின் கொம்பு வைத்த எழுத்துகள். நண்பர் முகம் வாடியது. எனக்கு உற்சாகம். குப்பை வந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கம்பி பேசுகிறது, வேகம்தான் பொருந்தவில்லை. தராசு விநாடிக்கு 2400 துடிப்பில் பேசும்போது நாம் 9600இல் கேட்டால், அது நீட்டிச் சொல்லும் ஒவ்வொரு பிட்டையும் நான்கு பிட்டாக எண்ணிவிடுவோம். 2400 என்று மாற்றினேன்.

திரையில் எண்கள் அருவி மாதிரி கொட்டின. 0.0, 0.0, 0.0. மேடை காலி. ஓர் அக்கா மூட்டையை இறக்கினார். 12.4, 39.1, 51.6, 48.2, 48.6, 48.5, 48.5, 48.5. நோட்டில் எழுதப்படாத தத்தளிப்பும் சேர்த்து எல்லாம் வந்தது. ரைட்டர் சிவப்பு எண்ணையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அக்கா சிவப்பு எண்ணை மட்டும்தான் பார்த்தார்.

நான்கைந்து மூட்டை போனபின் வரிசையில் ஒரு இடைவெளி. யாரும் பழம் இறக்கவில்லை, திரையில் 17.2, 17.2, 17.2 என்று நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தால் ஸ்வெட்டர் போட்ட ஒரு பொடியன் மேடைமேல் நிற்கிறான், அம்மா மூட்டை கட்டி முடிக்கும்வரை. அந்த 17.2உம் கம்ப்யூட்டரின் கணக்கில் ஏறியிருந்தது. ரைட்டர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சரிங்க சார், கிலோ வருது. இது யார் மூட்டைன்னு எதுல வரும்?"

நான் திரையில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிப் பேர் அடிக்கத் தொடங்கினார். வரிசையில் அடுத்து நின்றவர் பனிக்குள்ளிருந்து ஒருமுறை இருமினார். ரைட்டர் நிமிர்ந்து பார்க்காமலே அவர் பேரையும் அடித்தார்.